உங்கள் பல்லுக்கு எத்தனை வேர்?

"புடுங்கிடுங்க சார்! எனக்கு இந்தப் பல்லே வேணாம்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் சொன்ன வார்த்தை இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார். கூடவே மனைவி. இடது கன்னத்தில் லேசான வீக்கம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அதே பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, அதாவது 'ரூட் கேனால்' செய்து, மேலே கேப்பும் போட்டாயிற்று. செய்தது வேறு யாரும் இல்லை, நான்தான்!

"ரூட் கேனால் பண்ணா அப்புறம் வலியே வராதுன்னு சொன்னீங்களே டாக்டர்? சோத்தைக் கடிச்சா நோவுதுங்கிறாரு. மூணு நாள் லீவு போட்டாச்சு. காண்ட்ராக்ட் வேலைங்க... லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் கிடையாது" என்றார் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

பழைய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல். முன் வேரில் இரண்டு கால்வாய், பின் வேரில் ஒன்று. மூன்றும் நுனிவரை ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தன. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் மாதிரியே இருந்தது. பிறகு ஏன் வலி?

இந்தக் கதையை முடிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்.

நாக்கு சொல்லும் சேதி

மேல் வரிசையில் நடுவே இருக்கும் இரண்டு பெரிய வெட்டுப்பற்களின் பின்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சிலருக்கு வழவழவென்று சமமாக இருக்கும். சிலருக்கு இரண்டு ஓரமும் உயர்ந்து, நடுவில் குழிந்து, முறம் போல இருக்கும். அடுத்து, நடுக்கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு ஆறாவது பல்லுக்குப் போங்கள். அது மேல் முதல் கடைவாய்ப்பல். அதன் உள்பக்கச் சுவரில், அண்ணத்தைப் பார்த்த மாதிரி, ஒரு சின்ன மேடோ வரிப்பள்ளமோ தட்டுப்படுகிறதா? வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வீட்டிலேயே வித்தியாசம் இருக்கும். ஒருவருக்கு நன்றாகத் துருத்திக்கொண்டு, ஒருவருக்கு வெறும் கோடாக, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமல்!

அந்த மேட்டுக்கு 'கராபெல்லி மேடு' என்று பெயர். ஆஸ்திரியாவில் அரசரின் பல் வைத்தியராக இருந்த கியார்க் கராபெல்லி என்பவர் அதை விவரித்து எழுதினார். முறம் போன்ற முன்பல்லைப் பற்றி 1920-இல் விரிவாக எழுதியவர் ஆலெஷ் ஹெர்ட்லிச்கா என்ற மானிடவியல் அறிஞர். கிழக்கு ஆசிய மக்களிடமும் அமெரிக்கப் பழங்குடி மக்களிடமும் இந்தப் பல் மிக அதிகம். இதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று தலைமுடியின் தடிமனையும் தீர்மானிக்கிறது என்பது சமீப காலத்தில் தெரிய வந்த சுவாரசியமான விஷயம்.

"முப்பத்திரண்டு பல்" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஏதோ ஒரே அச்சில் வார்த்தது மாதிரி! உண்மையில் கைரேகைக்குக் கொஞ்சமும் குறையாத வித்தியாசம் பற்களில் இருக்கிறது.

பல்லின் உருவம் எப்போது முடிவாகிறது தெரியுமா? அது ஈறுக்குள் இருக்கும்போதே. ஆறு வயதில் முளைக்கிற முதல் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்கள், குழந்தை பிறக்கும் சமயத்திலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடுகின்றன. எனாமலை உண்டாக்கும் செல்கள் தங்கள் வேலை முடிந்ததும் அழிந்துபோகும். அதனால்தான் எலும்பு முறிந்தால் சேரும், எனாமல் உடைந்தால் சேராது. அதே காரணத்தால் ஒருதடவை அமைந்த வடிவம், தேய்ந்தாலோ உடைந்தாலோ தவிர மாறாது.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர். பிற்பாடு சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, அந்தக் கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள். அங்கே மனிதப் பல் கிடைக்கவில்லை. ஆனால் விலங்குகளின் கல்லாகிப்போன பற்கள் சில கிடைத்தன. சதை போய், எலும்பும் போன பிறகு மிஞ்சியது பல்தான். அதன் வடிவத்தை வைத்தே அது எந்த வகை விலங்கு என்று ஆராய்ச்சியாளர்களால் சொல்ல முடிகிறது.

சரி, இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் சமாசாரம், வலிக்கிற பல்லோடு வந்தவருக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

சொத்தையே இல்லாமல் சீழ்!

முதலில், வெளியே தெரிகிற வடிவத்தால் வரும் தொல்லை. கராபெல்லி மேட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான இடுக்கு இருந்தால் பிரஷ்ஷின் நார் அங்கே நுழையாது, சோறும் மிட்டாயும் நுழையும். மேல் வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல் இருக்கிறதே, அதன் பின்புறம் சிலருக்கு ஊசித் துளை மாதிரி ஒரு குழி இருக்கும். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் எனாமல் உள்பக்கமாக மடிந்து, அந்தத் துளை பல்லின் நடுவரைக்கும் போயிருக்கலாம். கிருமிகளுக்குச் சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்தது மாதிரி!

இதைவிட ஏமாற்றுகிற ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் முளைக்கிற சிறு கடைவாய்ப்பற்களில், முக்கியமாகக் கீழ் வரிசையில், சில பிள்ளைகளுக்குப் பல்லின் நட்டநடுவே ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அரிசி முனை அளவுதான். அதற்குள்ளேயும் பல்லின் உயிர்ச்சதை ஓடுகிறது. மேல் பல் அதில் இடித்து இடித்து, ஒருநாள் கொம்பு முறியும் அல்லது தேயும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துவாரம் வழியே கிருமி போய், பல் செத்து, தாடையில் சீழ் வைக்கும். "பல்லுல ஒரு கறுப்பு கூட இல்லையே டாக்டர், எப்படி வீங்குச்சு?" என்று பெற்றோர் கேட்பார்கள். பல் முளைத்த உடனேயே பார்த்திருந்தால், கொம்பைச் சுற்றி பல் நிற சிமென்ட்டால் முட்டுக் கொடுத்து, அது மெல்ல மெல்லத் தேயும்படி செய்திருக்கலாம். ஊசிகூடத் தேவையில்லாத வைத்தியம்.

இன்னொரு விஷயம். ஆறு வயதில் வரும் முதல் கடைவாய்ப்பல், எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தம் போடாமல் முளைக்கும். "அது பால்பல்தானே, விழுந்துடும்" என்று விட்டுவிடுகிற தாய்மார்கள் நிறைய. அது விழாது. ஆயுசுக்கும் அதுதான். அதில் ஆழமான பள்ளங்கள் இருந்தால், சொத்தை வருவதற்கு முன்னாலேயே 'ஸீலன்ட்' என்ற பூச்சால் அடைத்துவிடலாம்.

நம் பகுதியில் அமிலத் தொட்டி, பேட்டரி, துத்தநாக முலாம் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமில ஆவியில் தொடர்ந்து வேலை செய்தால் முன்பற்களின் நுனி கரைந்து வடிவம் மாறும். இது பிறவி வடிவம் அல்ல. பல் கூச்சத்தோடு நுனி மெலிந்துகொண்டே போனால், டாக்டரிடம் உங்கள் வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். அதைத் தனியாக இன்னொரு சமயம் எழுத வேண்டும்.

உள்ளே எத்தனை அறை?

தெருவில் நடந்து போகும்போது எல்லா வீட்டுக்கும் வாசல், திண்ணை, ஜன்னல் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே எத்தனை ரூம், பின்கட்டு உண்டா, மாடிப்படி எங்கே என்பது உள்ளே போனால்தானே தெரியும்? பல்லும் அப்படித்தான். வெளியே தெரியும் பகுதியைவிட வேருக்குள் இருக்கும் வித்தியாசம்தான் பல் டாக்டரின் தூக்கத்தைக் கெடுப்பது.

வேர்ச் சிகிச்சை என்றால் என்ன? பல்லின் உள்ளே கெட்டுப்போன சதையை எடுத்து, அது ஓடிய ஒவ்வொரு கால்வாயையும் சுத்தம் செய்து அடைப்பது. 'ஒவ்வொரு' என்பதுதான் முக்கியம். மூன்றை அடைத்து நான்காவதை விட்டுவிட்டால், கிருமி அங்கே சௌகரியமாகக் குடியிருக்கும். வாரக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் வீங்கும்.

எத்தனை கால்வாய் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒரு ரசமான கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ், பிடுங்கிய பற்கள் ஆயிரக்கணக்கானவற்றின் உள்ளே ரப்பரைச் செலுத்தி, அது இறுகியதும் பல்லை மட்டும் கரைத்து எடுத்தார். மிஞ்சியது கால்வாய்களின் வார்ப்பு. நேரான குழாய்கள் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு, ஆலமரத்து வேர் மாதிரி கிளைகளும் பின்னல்களும் கிடைத்தன! 1984-இல் அமெரிக்காவின் வெர்டூச்சி, 2,400 பற்களைக் கண்ணாடி போலத் தெளிவாக்கி, சாயம் ஏற்றிப் பார்த்து, கால்வாய்கள் பிரிந்து சேரும் விதத்தை எட்டு வகையாகப் பிரித்தார். அந்த எட்டிலும் அடங்காத பல்லை பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மேல் முதல் கடைவாய்ப்பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேர், மூன்று கால்வாய் என்று ஒரு காலத்தில் படித்தார்கள். இன்று, பாதிப் பேருக்கு மேல் நான்காவது கால்வாய் உண்டு என்று தெரியும். அது முடி அளவு மெல்லியது. கீழ் வெட்டுப்பல் பார்ப்பதற்குக் குச்சி மாதிரி ஒற்றை வேர். கணிசமான பேருக்கு அதற்குள்ளும் இரண்டு கால்வாய், ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும். கீழ் இரண்டாவது கடைவாய்ப்பல்லில் சிலருக்கு வேர்கள் ஒட்டிக்கொண்டு, கால்வாய் தனித்தனித் துளையாக இல்லாமல் பிறை வடிவ இடுக்காக ஓடும்.

அதிகபட்சம் எத்தனை இருக்கலாம்? வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், பக்கத்திலேயே இருக்கிறது. 2011-இல், அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மதுரவாயல் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள், ஒரு நோயாளியின் மேல் முதல் கடைவாய்ப்பல்லில் எட்டுக் கால்வாய்களைக் கண்டுபிடித்து, எட்டையும் சுத்தம் செய்து அடைத்து, பல்லைக் காப்பாற்றி, உலக அளவிலான பல் மருத்துவ இதழில் எழுதினார்கள். வேர் என்னவோ மூன்றுதான். கால்வாய் எட்டு! அதற்கு முந்தைய ஆண்டே அங்கிருந்து ஏழு கால்வாய்ப் பல் ஒன்றைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். இரண்டிலும் கைகொடுத்தது சி.பி.சி.டி. என்ற ஸ்கேன். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பது போல, பல்லைத் தொடாமலே குறுக்குவெட்டில் காட்டும் கருவி அது.

இப்போது நம் ஆலைத் தொழிலாளிக்கு வருவோம்.

நான் விட்ட நாலாவது

சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு சங்கடம் உண்டு. அது நிழல். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு வேர், ஒரே வேராகத்தான் விழும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் இரண்டு கம்பங்கள் ஒன்றாகத் தெரியும். ரயில் கொஞ்சம் நகர்ந்ததும் பிரிந்து இரண்டாகும். எக்ஸ்ரேக் குழாயையும் அப்படிச் சற்று பக்கவாட்டில் சாய்த்து இரண்டாவது படம் எடுக்க வேண்டும். முதல் தடவை நான் நேர் படம் ஒன்றோடு திருப்தி அடைந்துவிட்டேன்.

இப்போது சாய்த்து எடுத்தேன். பின் வேருக்குப் பக்கத்தில் மெல்லியதாக இன்னொரு கோடு. மூன்றாவது வேர்! நாக்குப் பக்கமாக ஒதுங்கி, கொக்கி போல வளைந்து. கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் சிலருக்கு வரும் இந்த உபரி வேரைப் பற்றியும் அதே கராபெல்லியின் 1844-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. நான் படிக்காதது இல்லை. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பல்லின் மேல் துளை போடும்போது, மூன்று கால்வாய்க்கு ஏற்ற முக்கோணமாகப் போட்டேன். அதைச் சதுரமாக விரித்திருந்தால் நாலாவது வாய் அந்த மூலையில் தெரிந்திருக்கும். மூன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் தப்பு.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். "உங்க பல்லுக்கு எல்லாருக்கும் இல்லாத ஒரு வேர் கூடுதலா இருக்கு. அதைப் போன தடவை நான் பார்க்காம விட்டுட்டேன். பல் நல்ல பல்லுதான், பிடுங்க வேணாம். இந்தத் தடவை ஃபீஸ் வேணாம்" என்றேன். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "ஞாயித்துக்கிழமை பண்றீங்களா சார்? லீவு போட வேணாம்ல" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சிப்காட் பக்கம் இருக்கிற பல் டாக்டருக்குக் கிடைக்கிற அனுபவம் லேசானது அல்ல. காலையில் பொன்னேரிக்காரர், பிறகு பீகார், ஒடிசா, மாலையில் அசாம் என்று வாய்கள் வரும். பிறை வடிவக் கால்வாயும், கூடுதல் வேரும், முறப்பல்லும் சில மக்களிடம் அதிகம், சிலரிடம் குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வெளிநாட்டுப் புத்தகத்துப் படத்தை மட்டும் நம்பாமல், இந்தியர்களின் பற்களைத் தனியாக ஆராய்ந்து சென்னையிலிருந்தும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் ஊரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, "இவருக்கு இப்படித்தான் இருக்கும்" என்று முடிவு கட்டினால் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. நாலு தலைமுறையாகக் கவரைப்பேட்டையை விட்டு நகராத குடும்பம் இவருடையது. கூடுதல் வேர் இவருக்குத்தான் இருந்தது!

பல்செட்டுக்கும் வடிவம் உண்டு

கேப், பல்செட் கட்டும்போதும் வடிவம் முக்கியம். 1914 வாக்கில் லியான் வில்லியம்ஸ் என்பவர், முகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் மேல் நடுப்பல்லின் வடிவம் என்று சொன்னார். சதுர முகத்துக்குச் சதுரப் பல், கூர்முகத்துக்குக் கூர்ப்பல். வெகுகாலம் பல்செட் தயாரிப்பாளர்கள் அதைப் பின்பற்றினார்கள். பிற்பாடு அளந்து பார்த்தவர்களுக்கு அப்படிப் பெரிதாகப் பொருந்தவில்லை. ஆகவே முகத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட நல்ல வழி, உங்கள் பழைய போட்டோ. பல்செட் கட்டப் போகும் பெரியவர்கள், பல் தெரியச் சிரித்த கல்யாண போட்டோ ஒன்றைக் கொண்டுபோங்கள். தெத்துப்பல் இருந்ததா, நடுவில் இடைவெளி இருந்ததா என்பதைப் பார்த்து டாக்டர் அடுக்கலாம். எல்லாரும் சினிமா நடிகர் மாதிரி ஒரே வெள்ளைச் சுவராகக் கேட்கிறார்கள். கட்டி முடித்ததும் பேரப்பிள்ளை "தாத்தா மாதிரியே இல்லை" என்கிறது!

டாக்டரிடம் கேளுங்கள்

வேர்ச் சிகிச்சைக்குப் போகிறீர்களா? ஆரம்பிக்கும் முன் எக்ஸ்ரே, முடிந்த பின் எக்ஸ்ரே, இரண்டும் வேண்டும். "எத்தனை கால்வாய் டாக்டர்? எல்லாம் கிடைச்சுதா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு கோணத்தில் ஒரு படம் எடுக்கச் சொன்னால் பணம் பிடுங்க என்று நினைக்காதீர்கள். பல் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு. கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் எல்லாருக்கும் அவசியம் இல்லை. எக்ஸ்ரேயில் சந்தேகம் தீராத பல்லுக்கு மட்டும் போதும்.

சிகிச்சை செய்த பல் மறுபடி வலித்தால் உடனே "புடுங்கு" என்று முடிவெடுக்க வேண்டாம். வேர் வெடித்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். விட்டுப்போன கால்வாய் என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். செலவுக்குப் பயந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். சிக்கலான பல் என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் அங்கேயும் விசாரியுங்கள். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதில் ஷிஃப்ட், சம்பளம் பார்க்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்பைக் கழற்றி, துளையைச் சதுரமாக்கி, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். முக்கால் மணி நேரம். நாக்குப் பக்க மூலையில் ஊசி நுனி சிக்கியது. நாலாவது வாய்! உள்ளிருந்து கொஞ்சம் சீழ் வந்தது. சுத்தம் செய்து, மருந்து வைத்து, அடுத்த வாரம் அடைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில், வேர் நுனியில் அரித்திருந்த எலும்பு நிரம்பத் தொடங்கியிருந்தது.

அன்று கிளம்பும்போது அவர் கேட்டார்: "சார், இது பரம்பரையா வருமா? நம்ம பையனுக்கும் இருக்குமா?"

இருக்கலாம் என்றேன். இந்த உபரி வேர் பல பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால், அவருடைய வலது பக்கப் பல்லையும் படம் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் மூன்று வேர். எக்ஸ்ரேக்களை ஒரு கவரில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'கீழ் முதல் கடைவாய்ப்பல், இரண்டு பக்கமும் மூன்று வேர். இடது பக்கம் நாலு கால்வாய். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டவும்.' ரேஷன் கார்டு வைக்கிற பெட்டியில் அதையும் வைத்திருப்பதாக, பையனைப் பல் காட்ட அழைத்து வந்தபோது அவர் மனைவி சொன்னார்.